சாய்ந்த பரப்பு, சதவீதத்தில்

படிவத்தின் ஏழாம் பத்தி கேட்கிறது:
சாய்ந்த பரப்பு, சதவீதத்தில்.
மற்ற பத்திகளை வழியிலேயே நிரப்பிவிட்டேன்.
ரகம்: பாபட்லா. நட்டது: புரட்டாசிக் கடைசி.
சாகுபடியாளர்: தையல்நாயகி, குத்தகை, மூன்று மா,
நீடாமங்கலம் தாண்டிக் கோரையாற்றுக்கு மேல்கரை.

நான் புதுக்கோட்டைப் பக்கம், செம்மண்காரி.
எங்களூரில் பயிர் காயும்.
ஓரெழுத்து மாறி இங்கே சாய்கிறது.

தை மழை மூன்று நாள் நின்று பெய்து போயிருந்தது.
ஆத்தூரிலிருந்து அறுப்பு வண்டியோடு வந்த பெரியண்ணன்
வரப்பை விட்டு இறங்காமலே விலை சொன்னான்:
"நின்ன நெல்லுன்னா மணிக்கு ரெண்டாயிரத்து அறுநூறு.
சாஞ்சதுன்னா மூவாயிரத்து இருநூறு.
படுத்ததுன்னா வேற வண்டி பாத்துக்குங்க."
சாய்வதற்கும் படுப்பதற்கும் நடுவே
அவன் கண்ணுக்கு ஒரு கோடு தெரிகிறது.
அரசாங்கம் எனக்கு ஒரு டேப்பு மட்டும் கொடுத்திருக்கிறது.

இறங்கினேன். சேறு முழங்கால்வரை வாங்கிக்கொண்டது.
ஒரு தூர் அடுத்த தூரின் தோளில்.
அது அதற்கடுத்ததன் மேல்.
கடைசித் தூர் தண்ணீரில்;
அதன் மணிகளில் வெள்ளையாய் முளை.

"தென்னை சாஞ்சப்பவும் இப்படித்தான் அளந்தாங்க"
என்றாள் தையல்நாயகி.
"மாமனாரும் அந்த மாசமே சாஞ்சுட்டாரு."
கொஞ்சம் பொறுத்து,
"அளந்து என்னத்தச் சாய்ச்சாங்க?"
மூன்றுக்கும் ஒரே வினைச்சொல்.
எழுதிக்கொள்ள எனக்கு ஒரே கட்டம்.

"எந்தப் பக்கமும் சாயாம எழுதும்மா"
என்று காலையில் சொல்லி அனுப்பிய உதவி இயக்குநர்
நாற்காலி கிறீச்சிடும் அளவுக்குச் சாய்ந்துதான் இருந்தார்.
முப்பத்துமூன்றைத் தொட்டால் நிவாரணம்.
நான்கு மூலையும் நடுவும் எண்ணிக் கூட்டினேன்.
இருபத்தொன்பது.
மறுபடி எண்ணினேன். இருபத்தொன்பதரை.

நிற்கிற கதிரொன்றை உருவிக் கசக்கினேன்.
உமி.
அடுத்ததும் உமி.
பால் கட்டாத கதிர் எதற்காகச் சாய வேண்டும்?
விளைந்ததெல்லாம் கனம் தாங்காமல் விழுந்துகிடக்க
பதர் மட்டும் சிப்பாய் மாதிரி நின்றது.
விதிப்படி அது சேதமில்லாத பரப்பு.

அப்போதுதான் பேனா மூடி கைநழுவி
வாய்க்காலில் விழுந்தது.
காற்றே இல்லை. தண்ணீர் அசைந்ததாகவும் தெரியவில்லை.
ஆனாலும் நீல மூடி கிளம்பிவிட்டது,
தெற்கே, முத்துப்பேட்டை இருக்கிற பக்கமாய்,
வழி கேட்காமல்.
கண்ணுக்கெட்டியவரை தட்டை என்று
பேருந்தில் வரும்போது நினைத்திருந்தேன் இந்த ஊரை.
தட்டையில்லை. யார் கண்ணிலும் படாமல்
கொஞ்சம் சாய்ந்துதான் கிடக்கிறது மண்.
இல்லாவிட்டால் மேட்டூரில் திறந்தது
மேட்டூரிலேயே நின்றிருக்கும்.

கரையில் கோரை, மழைக்கு வளைந்து
மழை விட்டதும் நிமிர்ந்திருந்தது.
கோரைக்குச் 'சாய்' என்றொரு பழம்பெயர் உண்டு.
பெயரோடு சரி.
அதை யாரும் குத்தகைக்கு எடுப்பதில்லை,
அளக்க ஆளும் வருவதில்லை.

வரப்பில் கிழக்கு பார்த்து உட்கார்ந்தேன்.
முதுகுக்குப் பின்னால் பொழுது சாய
என் நிழல் அவள் வயலுக்குள் நீண்டு போயிற்று.
மூடியில்லாத பேனா மை கக்கியது.

என்ன எண் எழுதினேன் என்பது
எனக்கும் ஏழாம் பத்திக்கும் இருக்கட்டும்.
ஒன்று மட்டும் சொல்வேன்:
பள்ளிக்கூடத்திலிருந்தே என் கையெழுத்து
வலப்பக்கம் சாயும்.
எத்தனை அடி வாங்கியும் நிமிரவில்லை.
அன்றைக்கு எனக்கு வலப்பக்கம் தெற்கு.

"அக்கா, வண்டிய இறக்கச் சொல்லட்டா?"
தையல்நாயகி புடவையை ஏற்றிச் செருகினாள்.
பெரியண்ணன் விளக்கைப் போட்டுவிட்டுக் கத்தினான்:
"சாஞ்ச ரேட்டுதான், இப்பவே சொல்லிட்டேன்!"